பதரி வழியில் பெற்ற அதிதி ஸத்காரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவீதிப் புறப்பாட்டில் எம்பெருமானை ஸேவிக்கக் கூடும் ஜனத்திரளில் நம் ஸம்ப்ரதாயத்தை அறிந்தவர்களும் உண்டு, அறியாதவர்களும் உண்டு, வேறு மதத்தில் பிறந்து, மேளச் சப்தம் கேட்டுக் கோபுர வாசலில் வந்து நிற்பவர்களும் உண்டு. அப்படி நிற்பவர்களை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதை அடியேன் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணும்படி செய்தது ஓரிரவு. பதரிகாச்ரமம் போகும் வழியில், நம் மதமல்லாத ஒரு மதத்தாரின் வழிபாட்டிடத்தில், அடியேனும் சில பாகவதர்களும் அதிதிகளாகத் தங்க நேர்ந்த இரவு அது. அன்று கண்டதையும், அதைத் தொட்டு மனத்தில் எழுந்த விசாரத்தையும் இம்மலரைக் கையிலேந்தும் ஸேவார்த்திகளுக்கு விண்ணப்பம் செய்கிறேன்.

2016-ஆம் ஆண்டு ஆவணிக் கடைசியில் வடநாட்டுத் திவ்யதேச யாத்திரையாகப் பதினான்கு பேர் புறப்பட்டோம். கண்டமென்னும் கடிநகராகிய தேவப்ரயாகையில் நீராடி, திருப்பிரிதி என்று பெரியோர் பலர் கொள்ளும் ஜோஷிமடத்தில் நரஸிம்மனை ஸேவித்து, மறுநாள் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியருளிய பதரியை அடைவதாக ஏற்பாடு. ஜோஷிமடத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கோவிந்தகாட் என்னும் சிற்றூர் உளது. அங்கே காவல்துறையினர் வண்டியை நிறுத்திவிட்டனர். மேலே லாம்பகட் என்னுமிடத்தில் மலை சரிந்து பாதை மூடிக்கிடக்கிறது. நாளைக்கு முன் திறவாது என்றனர். மழையோ விடவில்லை. இருந்த சில விடுதிகளும் நிறைந்துவிட்டன.

கோவிந்தகாட்டில் அலகநந்தையோடு லக்ஷ்மண கங்கை வந்து கலக்கிறது. அந்த ஆற்றங்கரையில் சீக்கியரின் குருத்வாரா ஒன்று இருக்கிறது. அவர்களுடைய பத்தாவது குருவாகிய கோவிந்த ஸிங் முற்பிறவியில் தவம் செய்த இடமாகத் தமது சரிதையில் ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஹேமகுண்டம் என்னும் மலையைக் குறிப்பிடுகிறார். அவ்விடம் இம்மலைக்கு மேலே, 14,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள ஏரிக்கரையே என்று 1930-களில் கண்டுகொள்ளப்பட்டது. அங்கே ஏறிச் செல்லும் யாத்திரிகர் முதலில் தங்குமிடம் கோவிந்தகாட். நமக்கு உகப்பான செய்தி ஒன்றுண்டு: அதே ஏரிக்கரையில், அவர்களுடைய குருத்வாராவை அடுத்து, இளைய பெருமாளாகிய லக்ஷ்மணனுக்கும் ஒரு சிறு கோயில் இருக்கிறது, மலைவாசிகள் அவ்விடத்தை லோகபாலம் என்று வழங்குகின்றனர். ஏரியிலிருந்து இறங்கிவரும் நீரே லக்ஷ்மண கங்கையில் சேருகிறது. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதப் பெருவெள்ளத்தில் கோவிந்தகாட்டின் பாலமும் கரையோரக் கட்டிடங்களும் அடித்துச் செல்லப்பட்டன. நாங்கள் சென்றபோது அந்த அழிவின் சுவடுகள் இன்னும் தெரிந்தன.

வேறு வழியின்றி அங்கே போய் நின்றோம். எங்கள் கோஷ்டியின் தலைவரோ எண்பது வயதை எட்டிய ஸ்வாமி. சாளக்ராம மூர்த்தியைக் கோயிலாழ்வாரில் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு யாத்திரை செய்பவர். எம்பெருமானுக்குக் கண்டருளப்பண்ணாத எதையும் அமுது செய்யார். பிறர் சமைத்ததைத் தொடார். தேவதாந்தர வாசலில் மழைக்குக்கூட ஒதுங்காத பரமைகாந்தி. "ஈரத்திலேயே வண்டியில் இருந்துவிடுகிறேன், நீங்கள் போங்கள்" என்று ஸாதித்துவிட்டார். அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

இதற்குள் குருத்வாராவிலிருந்து வெண்தாடியுடன் ஒருவர் குடையோடு வந்தார். அடியேன் ரயில்வே உத்தியோகத்தில் தில்லியில் இருந்தவனாகையால் ஹிந்தி பேசத் தெரியும். பெரியவர் இறங்காத காரணத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை, வாதம் செய்யவில்லை, எங்கள் குரு எல்லோருக்கும் பொது என்று உபதேசம் தொடங்கவுமில்லை. "இவர் தம்முடைய பகவானுக்குத் தாமே சமைக்க வேண்டும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் ஓர் அறை காலியாயிற்று. அது கழுவித் துடைக்கப்பட்டது. புதிய அடுப்பும், அரிசி, பருப்பு, வெல்லம், நெய் ஆகியவையும் உக்கிராண அறையிலிருந்து வந்தன. தண்ணீரை மட்டும் நீங்களே ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் தொட்டது வேண்டாமென்றால் எங்களுக்கு வருத்தமில்லை என்றார். ஸ்வாமி வண்டியைவிட்டு இறங்கினார்.

அந்தச் சொல்லில் இருந்த நயத்தை இன்றும் வியக்கிறேன். அவர்களுடைய மதத்தில் உண்பதில் தீண்டாமை என்பது அறவே இல்லை. குரு நானக் (1469–1539) காலந்தொட்டு அரசனும் ஆண்டியும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பது விதி. லங்கர் என்னும் அந்த அன்னசாலையும், பங்கத் என்னும் அந்தப் பந்தியும் அவர்களுக்கு வெறும் தர்மமல்ல, வழிபாட்டின் ஓரங்கம். நம் ததீயாராதனத்தை ஒத்தது என்று சொல்லலாம். அக்பர் பாதுஷாவும் மூன்றாவது குருவைக் காண்பதற்கு முன் பந்தியில் அமர்ந்து உண்டார் என்பது அவர்களுடைய கர்ண பரம்பரை. அப்படிப்பட்டவர்கள், தங்கள் பந்தியில் அமர மறுத்த ஒரு கிழவருக்கு அடுப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். தங்கள் கொள்கையில் அவர்கள் ஒன்றும் தளரவில்லை. எங்களையும் தளரச் சொல்லவில்லை.

எங்களில் பத்துப்பேர் லங்கரில் உண்டார்கள், அடியேனும் உண்டேன். ரொட்டியை இரண்டு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும் என்பதை அறியாமல் அடியேன் தட்டை நீட்ட, பரிமாறிய சிறுவன் ஒன்றும் சொல்லாமல் தன் கைகளைக் குவித்துக் காட்டினான். கற்பிப்பதற்கு அதுபோதும்.

இது நிற்க. அன்று மாலை வழிபாட்டிற்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. நம்மவர்களுக்கு இது எளிய கேள்வியல்ல. எம்பெருமானுக்கே அற்றுத் தீர்ந்த அநந்யார்ஹத்வம் நம் ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலை. பதிவ்ரதையின் நிலையை அதற்கு உவமை சொல்வர் ஆசார்யர்கள். "எல்லாம் ஒன்றுதானே" என்று சொல்லி எந்த வாசலிலும் கைகூப்புவதை விசாலமனம் என்று இக்காலத்தில் புகழ்கிறார்கள். ஒன்றையும் பற்றாதவனுக்கு எதையும் விடவேண்டியதில்லை என்பதே அடியேன் அபிப்ராயம். ஆயினும், இருக்க இடம் கொடுத்தவர் ஆராதனத்துக்கு அழைக்கும்போது அறைக்கதவைச் சாத்திக்கொள்வதும் அழகன்று. ஸ்வாமி சற்று யோசித்து, "அங்கே விக்ரஹம் உண்டோ?" என்று கேட்டார். இல்லை, ஒரு க்ரந்தந்தான் என்றேன். "யார் பாடினது?" என்றார். அடியேன் அறிந்தவரை சொன்னேன். அந்த விவரத்தை இங்கே சற்று விரித்தெழுதுகிறேன். நம் கோஷ்டியார் அறியத்தக்கது.

சீக்கியரின் ஐந்தாவது குருவாகிய அர்ஜுன் 1604-இல் ஆதி க்ரந்தத்தைத் தொகுத்தார். குருமார்களின் பாடல்களோடு, அவர்களுக்கு முற்பட்ட பக்தர்கள் பலருடைய பாடல்களையும் அதில் சேர்த்தார். அந்தப் பக்தர்கள் யாரென்று பார்த்தால் வியப்பு மேலிடும். காசியின் நெசவாளரான கபீர். தோல்தொழில் செய்த ரவிதாஸர். முஸ்லிம் ஞானியாகிய ஷேக் பரீத். கீதகோவிந்தம் பாடியவரென்றே கருதப்படும் ஜயதேவர். உடையவரின் பரம்பரையில் வந்தவரென்று வழங்கப்படும் ராமானந்தர். பண்டரிபுரத்து விட்டலனுக்கு ஆட்பட்ட நாமதேவர். நாமதேவருடையவை மட்டும் ஏறத்தாழ 60 பாடல்கள். பல குலத்து ஆழ்வார்களின் அருளிச்செயலை நாதமுனிகள் ஒரு கோவையாக நமக்கு மீட்டுத் தந்ததை இது நினைவூட்டுகிறது. 1708-இல் குரு கோவிந்த ஸிங், தமக்குப் பின் மனிதர் ஒருவரை நியமியாமல், இந்த க்ரந்தத்தையே என்றைக்கும் குருவாக ஸ்தாபித்துவிட்டார். இன்று அச்சாகும் ப்ரதிகளில் 1,430 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் அங்கம், அதாவது உடலின் உறுப்பு, என்றே வழங்குகிறார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அவர்களுடைய பாடல்களில் ஹரி, ராமன், கோவிந்தன் என்னும் திருநாமங்கள் பல்லாயிரம் முறை வருகின்றன. அதைக் கொண்டு, அவர்களும் நம்மவரே என்று முடிவு கட்டிவிடலாகாது. அவர்கள் சொல்லும் பரம்பொருள் பிறப்பில்லாதது. அவதாரத்தை அவர்கள் ஏற்பதில்லை. அர்ச்சையை அறவே ஏற்பதில்லை. அதில் உள்ள ராமானந்தரின் ஒரே பாடல்கூட, சந்தனமும் பரிமளமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகப் புறப்பட்டவரை, பரமாத்மா உன் நெஞ்சிலேயே இருக்கிறது என்று குரு தடுத்துவிட்டதாகச் சொல்வது! அர்ச்சாவதாரமே எல்லையாகக் கொண்ட நமக்கு இது கசக்கும். கசப்பதை மறைத்துப் பேசுவது அவர்களுக்கும் மரியாதையன்று, நமக்கும் மரியாதையன்று.

இவ்வளவையும் கேட்டபின் ஸ்வாமி, "விட்டலனைப் பாடினவர் பாட்டு இருக்கிறதென்றால் ஓரமாக இருந்து கேட்பதில் குறையில்லை, வாரும்" என்று எழுந்தார்.

தலையை மூட வேண்டும் என்றார்கள், உத்தரீயத்தைப் போர்த்துக்கொண்டோம். பாதரக்ஷைகளை வாசலில் ஒருவர் வாங்கி வைத்தார். கால் கழுவ ஓடுநீர்த் தொட்டி. உள்ளே உயர்ந்த பீடத்தில், விதானத்தின் கீழ், பட்டுப் போர்வைகளின்மேல் க்ரந்தம் எழுந்தருளியிருந்தது. ஒருவர் வெண்சாமரம் வீசிக்கொண்டிருந்தார். யாவரும் தரையில், க்ரந்தத்திற்குத் தாழவே அமர வேண்டும். ஆசனம் எவருக்கும் இல்லை. "திருவோலக்கமாகவன்றோ இருக்கிறது" என்றார் ஸ்வாமி மெல்ல. பின்வரிசையில் தூணருகே அமர்ந்தோம். எங்களை முன்னே வரும்படி ஒருமுறை சைகை செய்தார்கள்; தயங்கியதைக் கண்டு பிறகு வற்புறுத்தவில்லை.

பாடகர்கள் ஆர்மோனியமும் தப்லாவும் வைத்துக்கொண்டு பாடினார்கள். ஒரு பாட்டின் முடிவில் நாமதேவர் பெயர் காதில் விழுந்தது. அருகிலிருந்தவரிடம் பொருள் கேட்டேன். சொன்னார். நாமதேவர் மகிழ்ச்சியோடு கோயிலுக்கு வந்து பாடிக்கொண்டிருந்தபோது, சாயம் தோய்ப்பவன் என்று அவரைப் பிடித்து எழுப்பி வெளியே தள்ளிவிட்டார்களாம். அவர் தம் கம்பளியை எடுத்துக்கொண்டு கோயிலின் பின்புறம் போய் அமர்ந்து பாட, கோயில் திரும்பி அவரை நோக்கிற்றாம்.

அடியேனுக்கு உடம்பு கூசிற்று. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஊர்ப்பெயர் வேண்டாம், ஒரு திருக்கோயிலின் ப்ரஹ்மோத்ஸவத்தில் ஒரு சீக்கியர் மனைவி மக்களோடு வந்திருந்தார். தீர்த்த கோஷ்டியின் ஓரத்தில் நின்று, மற்றவர்களைப் பார்த்துக் கையைக் குவித்துக்கொண்டிருந்தார். எங்கே நிற்பது, எந்தக் கையை நீட்டுவது என்பது தெரியாத தவிப்பு முகத்தில் தெரிந்தது. ஒருவர், "தலைப்பாகையை எடு, இல்லையேல் வெளியே போ" என்று பலர் கேட்க இரைந்தார். சீக்கியருக்குத் தலைப்பாகை நமக்குத் திருமண் போல, எடுப்பதற்கில்லை. அவர் ஏதோ விளக்க முற்பட்டு, பாஷை தெரியாமல் விட்டுவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். கோயில் நியமம் என்று ஒன்று இருந்தால் அதை இன்சொல்லால் சொல்லியிருக்கலாம். ஹிந்தி தெரிந்தவன் அங்கே அடியேன் ஒருவனே. எனக்கென்ன என்று தீர்த்தம் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். இத்தனைக்கும் அன்று காலை கோஷ்டியில் திருப்பாணாழ்வார் பாசுரத்தை ஸேவித்த வாய் இது.

இங்கேயோ, கோயிலிலிருந்து தள்ளப்பட்டவரின் பாட்டை ஆராதனத்தில் வைத்துப் பாடுகிறவர்கள், கோயிற்காரர்களாகிய எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தபின் அனைவரும் எழுந்து நின்று ப்ரார்த்தித்தார்கள். உலகம் முழுவதற்கும் நன்மை வேண்டி அது முடிந்தது. பின் க்ரந்தத்தைத் திறந்து, கண்ணிற்பட்ட பக்கத்திலிருந்து ஒரு பாடலை வாசித்தார்கள். அன்றைய கட்டளை என்று அதைக் கொள்வார்களாம். அதன்பின் ப்ரஸாதம் வந்தது. கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவாகச் சேர்த்துக் கிண்டியது; கடாஹ ப்ரஸாதம் என்பர். ஸ்வாமி என்ன செய்யப் போகிறார் என்று எங்களுக்கெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் இரண்டு கைகளையும் குவித்து வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின் திரும்பி அடியேன் கையில் இட்டு, "நீர் உண்ணும். வாங்காமற் போனால் கொடுத்தவர் மனம் நோகும், உண்டால் அடியேன் நியமம் போகும்" என்றார். கொடுத்தவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டு, அடியேனுக்கு உரிய பங்கை இன்னொரு கையில் தனியாக வைத்தார்.

இதை மனிதத் தன்மை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. அவர்களுடைய வரவேற்பில் கண்டிப்பும் இருந்தது. தலை மூடாமல் வந்த எங்கள் வண்டிக்காரனைத் தடுத்து நிறுத்தினார்கள். பீடிக்கட்டை வெளியிலேயே வைக்கச் செய்தார்கள். ஆனால் தடுத்தவரே ஒரு துணியை எடுத்து அவன் தலையில் கட்டிவிட்டார். நியமமும் அதை நிறைவேற்றும் உதவியும் ஒரே கையிலிருந்து வந்தன. நம் கோயில்களில் நியமத்தை இரைந்து சொல்லப் பலர் உளர். துணி எடுத்துக் கொடுப்பவர் அரியர்.

நம்மிடம் இந்தப் பண்பு இல்லாமற் போகவில்லை. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குத் தனி ஸந்நிதி உண்டு; அவளை முன்னிட்டு அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறோம். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராஹப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, அவ்வூர் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம் பெருமக்கள் மாலையும் பட்டும் ஸமர்ப்பித்து எதிர்கொள்கிறார்கள்; கோயில் மரியாதையும் தர்காவுக்குச் செல்கிறது. எம்பெருமானே அங்கே அயலாரின் அதிதியாக நிற்கிறான். திருநாராயணபுரத்தில் திருக்குலத்தாருக்குக் கோயிலைத் திறந்துவிட்டவர் நம் உடையவர். த்வஜஸ்தம்பத்திற்கு அப்பால் யார் வரலாம், வரலாகாது என்பதை ஆகமமும் வழக்கமும் சட்டமும் நிர்ணயிக்கட்டும்; அந்த வழக்கில் அடியேன் புகவில்லை. த்வஜஸ்தம்பத்திற்கு இப்பால் உள்ள முகமலர்ச்சிக்கு எந்த ஆகமத்தின் அனுமதி வேண்டும்? புதிதாக வந்தவருக்குத் தீர்த்தத்துக்குக் கை குவிக்கும் முறையைக் காட்டலாம். ஸ்ரீசடகோபனுக்குத் தலை தாழ்த்தும்படி சொல்லலாம். உள்ளே போகக் கூடாதவருக்கு, வீதிப் புறப்பாடு எந்த நாழிகையில், எங்கே நின்றால் நன்றாக ஸேவையாகும் என்று சொல்லி அனுப்பலாம்.

அன்றிரவு க்ரந்தத்தைத் துணிகளில் சுற்றி, ஒருவர் தலைமேல் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு பள்ளியறைக்குப் போனார்கள். அந்த அறையில் கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் உண்டு. அதைப் பார்த்து ஸ்வாமி எழுந்து நின்று, அது கண்ணுக்கு மறையும்வரை கைகூப்பாமலும் கையைத் தொங்கவிடாமலும், உத்தரீயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பெரியோர் முன் நிற்கும் நிலை அது.

விடியற்காலையில் அறையில் திருவாராதனம் நடந்தது. சர்க்கரைப் பொங்கல் கண்டருளப்பண்ணி, ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஸ்வாமியே வெண்தாடிப் பெரியவரிடம் போனார். உங்களுக்கு உண்ணத் தடையிருந்தால் வற்புறுத்தவில்லை என்று அடியேன் மொழிபெயர்த்துச் சொன்னேன். "எங்கள் அரிசி, எங்கள் வெல்லம்; எனக்கென்ன தடை?" என்று நகைத்துக்கொண்டே வாங்கி உண்டார் அவர். ஸ்வாமியும் வாய்விட்டுச் சிரித்தார்.

புறப்படும் வேளையில் பாதரக்ஷைகளைத் தேடினோம். முந்திய நாள் சேறு அப்பிக்கிடந்த பதினான்கு ஜோடியும் துடைக்கப்பட்டு வரிசையாக இருந்தன. துடைத்தவர் யாரென்று கேட்டேன். குடைபிடித்து வந்த அந்த வெண்தாடிக்காரரேயாம். பட்டாளத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், ஆண்டில் சில மாதம் இந்தக் கைங்கர்யத்திற்கென்று வந்துவிடுகிறார் என்றார்கள். காணிக்கை கொடுக்க முற்பட்டோம். உண்டியலைக் காட்டினாரேயன்றிக் கையால் தொடவில்லை.

லாம்பகட் சரிவில் மண்ணை ஒதுக்கி ஒரு வண்டி போகுமளவு வழி செய்திருந்தார்கள். வண்டி மெல்ல ஊர்ந்தது. கோயிலாழ்வாரை மடியில் வைத்துக்கொண்டு வந்த ஸ்வாமி நெடுநேரம் பேசவில்லை. பிறகு அடியேன் பக்கம் திரும்பி, "இவர் நம் ஊர் ப்ரஹ்மோத்ஸவத்திற்கு வந்தால் நீர் எங்கே நிற்க வைப்பீர்?" என்று கேட்டார். பழைய கதையை அடியேன் அவரிடம் சொன்னதே இல்லை. பதரி போய்ச் சேரும்வரை பதில் சொல்ல வாய் எழவில்லை.